இடது பக்கத்து யானை

ஜனவரி 9

மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சொல்ல வந்ததை நீ சொல்லவே விடவில்லை. 'நான் வர' என்றுதான் தொடங்கினேன். அதற்குள் நீயே, "வர்றியா? அப்பாடா! மாசக் கடைசியில கார் எடுத்துட்டு வர்றேன், துணிமணி மட்டும் எடுத்து வை" என்று முடித்துவிட்டாய். நான் சொல்ல வந்தது, வர மாட்டேன் என்று.

ஸ்ட்ரோக் வந்த பிறகு என் நாக்கு தடித்த துணியில் ஊசி இறங்குவதுபோல மெதுவாகத்தான் போகிறது. ஆனால் போகிறது. புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்களின் பேச்சை நாள் முழுக்கப் போனில் முடித்துக் கொடுப்பது உனக்கு உத்தியோகம். என் பேச்சை முடித்துக் கொடுக்க உனக்கு யாரும் சம்பளம் தரவில்லை. இனிமேல் நமக்குள் போன் கிடையாது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதுவே பெரிய நிம்மதி.

இன்னொரு விஷயம். நான் செஸ் கற்றுக்கொள்கிறேன்.

சிரிக்காதே. ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கான பயிற்சி நிலையத்தில் இருக்கும் பெண் என் கையில் கலர் கட்டைகளைக் கொடுத்து, "சிவப்பு மேல சிவப்பு வைங்கம்மா... சூப்பர்ம்மா!" என்று கைதட்டினாள். தையற்கடையின் வெட்டு மேசையில் பாதி ஆயுள் நின்றவள் நான். கோட்டுத் துணியைக் கண்பார்வையிலேயே அளந்து கத்தரி போட்டவள். எனக்குக் கைதட்டலா? கட்டைகளை அவளிடமே தள்ளிவிட்டு அலமாரியில் இருந்த செஸ் பெட்டியைக் காட்டினேன். "அது கஷ்டம்மா" என்றாள். "அப்ப அதான் வேணும்" என்றேன். அதைச் சொல்லி முடிக்க எனக்கு நேரமானது. அவள் காத்திருந்தாள். உன்னைவிடப் பொறுமைசாலி.

சொல்லிக்கொடுப்பவர் ஒரு லாரிக்காரர். அவருக்கும் ஸ்ட்ரோக்தான், ஆனால் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு சுத்தமாகப் போய், 'போ', 'ம்ஹூம்' என்ற இரண்டு மட்டும் மிச்சம். காயைத் தப்பாக வைத்தால் "ம்ஹூம்." சரியாக வைத்தால் "போ." இதைவிட நல்ல வாத்தியார் எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூட கிடைத்ததில்லை.

நீ பள்ளிக்கூடத்தில் செஸ் ஆடிக் கோப்பை வாங்கியவள்தானே? 'மரக்கட்டையைத் தள்ளினதுக்கு ஒரு கோப்பையா' என்று நான் கேட்டதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாய். வா, என்னோடு ஆடு. நகர்வுகள் அஞ்சலட்டையில், சண்டை கடிதத்தில். ஆட்டம் முடியும்வரை பெட்டி கட்டும் பேச்சை எடுக்கக் கூடாது.

அம்மா


ஜனவரி 16

அம்மா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். சரி, எழுதுகிறேன். எனக்குக் கையெழுத்தே மறந்துபோயிருக்கிறது.

உன் கடிதம் வந்ததும் முதலில் நான் பார்த்தது நீ எழுதிய விஷயத்தை இல்லை. தாளைத்தான். வலது பாதியில் மட்டும் எழுதியிருக்கிறாய். இடது பாதி வெறும் வெள்ளை. வரிகள் எல்லாம் நடுத்தாளில் தொடங்கி வலது ஓரத்தில் போய் முட்டி நிற்கின்றன. அது உனக்குத் தெரிந்ததா?

கண்ணில் கோளாறு இல்லை, மூளைதான் இடது பக்கத்தைக் கண்டுகொள்வதில்லை என்று டாக்டர் நம் இரண்டு பேரையும் உட்கார வைத்துத்தான் சொன்னார். நீ "எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாய். ஆஸ்பத்திரியில் தட்டின் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு" என்பாய். இடது பாதியில் சாப்பாடு அப்படியே இருக்கும். நான் தட்டைத் திருப்பி வைப்பேன். உடனே சாப்பிடுவாய். அப்படித் திருப்பி வைக்க இப்போது அங்கே யார் இருக்கிறார்கள்?

இடது அடுப்பை அணைக்காமல் நீ தூங்கப் போனதும் எனக்குத் தெரியும். பாத்திரம் அடிப்பிடித்துக் கரியாகிவிட்டதாம். மாடிவீட்டு அக்கா ஓடி வந்து அணைத்தார். அவரைத் திட்டாதே. நான்தான் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

செஸ் ஆடலாம். ஆனால் சும்மா ஆட மாட்டேன். நான் ஜெயித்தால் மறுபேச்சில்லாமல் என்னோடு வந்து இருக்க வேண்டும். பிறகு ம்ஹூம் என்று அந்த லாரிக்காரர் மாதிரி சொல்லக் கூடாது. நீ ஜெயித்தால் அந்தப் பேச்சை நான் அதோடு விட்டுவிடுகிறேன்.

வெள்ளை உனக்கு. கட்டங்களை உன் இடதிலிருந்து எண்ணு, வரிசைகளை உன் பக்கத்திலிருந்து எண்ணு. அட்டையில் அந்த இரண்டு எண்ணும் காயின் பெயரும் போதும்.

கோபத்தோடும் அன்போடும்,
மகள்


ஜனவரி 23

பெரிய மேடத்துக்கு,

நிபந்தனைக்குச் சம்மதம். பயந்துவிடுவேன் என்று நினைத்தாயா? முதல் அட்டை இதோடு வருகிறது. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம். எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்களாம்.

பலகையை அடுக்குவது எனக்கு ஒரே தடவையில் வந்துவிட்டது. லாரிக்காரருக்கே ஆச்சரியம். இதில் என்ன இருக்கிறது? பலகையை நடுவில் மடித்தால் ராணி மேல் ராணியும் ராஜா மேல் ராஜாவும் விழ வேண்டும். சட்டையின் முன்பக்கத்தை மடித்துப்போட்டு வெட்டுகிறவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சிப்பாய் நேரே போய்க் குறுக்கே அடிப்பதுதான் முதலில் குழப்பியது. நேரே போகிறவன் நேரே அடித்தால் என்னவாம்? குதிரையின் நடை பிடித்திருக்கிறது. யார் தலையையும் தாண்டிப் போகிறது, யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

ஆனால் லாரிக்காரரின் ஒரு யானை மட்டும் என்னைப் படுத்துகிறது. எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. நான் ராணியைப் பத்திரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தால் டக்கென்று ராணியைத் தூக்கிவிடுகிறார். "யானை எங்க இருந்துச்சு?" என்றால் இடது ஓரத்தைக் காட்டுகிறார். அங்கே முதலில் இல்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன். அவர் "ம்ஹூம்" என்கிறார். மனுஷன் கள்ளாட்டம் ஆடுகிறார் என்று நினைக்கிறேன்.

எனக்கு இடது பக்கம் நன்றாகவே தெரியும். தாளில் ஓரம் விட்டு எழுதுவது நல்ல பழக்கம். அடுப்பு விஷயம் யாருக்கும் நடக்கக்கூடியது. மாடிவீட்டு உளவுத்துறையிடம் சொல், இனிமேல் வாசனை பிடிக்க இறங்கி வந்தால் கையில் ஒரு பொத்தான் டப்பாவைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவேன். கடையிலிருந்து முதலாளியம்மா எனக்குப் பொத்தான் தைக்கும் வேலைதான் அனுப்புகிறார். கத்தரியைக் கையில் தர மாட்டாராம். அவருக்கும் யாரோ ஓதியிருக்கிறார்கள்.

அம்மா


மார்ச் 2

அம்மா,

உன் அட்டைகள் ஒழுங்காக வருகின்றன. அலுவலகத்தில் என் மேசையில் ஒரு சின்னப் பலகை வைத்திருக்கிறேன். போனில் ஆட்கள் கத்திக்கொண்டிருக்கும்போது உன் காய்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்து மேசைப் பையன் கேட்டான், எதிரே ஆடுவது யார் என்று. எங்கள் அம்மா என்றேன். "நல்லா ஆடுறாங்களே" என்றான்.

உண்மையாகவே நன்றாக ஆடுகிறாய். உன் மந்திரி குறுக்கே வந்து என் குதிரையை அடித்ததை நான் எதிர்பார்க்கவில்லை. புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் இவ்வளவு பொறுமையாக ஆட மாட்டார்கள்.

உடம்பு எப்படி இருக்கிறது? மாத்திரை நேரத்துக்குப் போடுகிறாயா? இங்கே எல்லாரும் நலம். மாப்பிள்ளை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

மகள்


மார்ச் 11

அடியே,

எனக்கா பூச்சாண்டி காட்டுகிறாய்?

உன் போன கடிதம் படிக்கும்போதே இடித்தது. சண்டை இல்லை, குத்தல் இல்லை. 'நன்றாக ஆடுகிறாய்' என்று தடவிக் கொடுக்கிறாய். என் மகள் இப்படி எழுத மாட்டாளே என்று நினைத்தேன். பயிற்சி நிலையத்துக்கு நம் ஆட்டத்தை எடுத்துப் போய் லாரிக்காரர் முன்னால் அடுக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செய்தித்தாளை மடித்து, பலகையின் வலது பாதியை அப்படியே மூடிவிட்டார். மிச்சம் இருந்தது இடது பாதிதான். வேறு எங்கும் பார்க்க வழியில்லாமல் அதைப் பார்த்தேன்.

உன் யானை அங்கே நிற்கிறது. குதிரை நிற்கிறது. மந்திரி நிற்கிறது. ஆட்டம் தொடங்கியபோது எங்கே வைத்தாயோ அங்கேயே, தூசி தட்டாத பொம்மைகள் மாதிரி. இடது பக்கத்துக் காய் ஒன்றைக்கூட இதுவரை நீ தொடவில்லை. என் ராணி அந்தப் பக்கம் திறந்து போட்ட கதவு மாதிரி நிற்கிறாள், நீ வந்து அடிக்கவில்லை.

எனக்குத் தெரியாத பக்கத்தில் நீ ஆடவில்லை. அதுதானே? தட்டைத் திருப்பி வைத்தாய், இப்போது பலகையையும் திருப்பி வைக்கிறாய்.

அன்றைக்கு எனக்கு இரண்டு விஷயத்துக்கு அழுகை வந்தது. ஒன்று, டாக்டர் சொன்னது நிஜம். லாரிக்காரர் கள்ளாட்டம் ஆடவில்லை. அந்த யானை எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது, என் மூளைதான் அதைச் சட்டை பண்ணவில்லை. இதை நானே ஒத்துக்கொள்கிறேன், மாடியிலிருந்து யாரும் சொல்ல வேண்டாம். இரண்டாவது, என் மகள் எனக்குப் பிச்சை போடுகிறாள். முதலாவதை நான் தாங்கிக்கொண்டேன்.

கேட்டுக்கொள். தையல் எந்த இடத்தில் தப்பியதோ அதுவரை பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்பதுதான் எங்கள் தொழில். பழைய அட்டைகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். என் ராணியை நீ முதன்முதலாக அடிக்காமல் விட்ட இடம் எது என்று கண்டுபிடித்து இந்தக் கடிதத்தோடு அனுப்பிய அட்டையில் எழுதியிருக்கிறேன். அங்கிருந்து ஆட்டம் திரும்பத் தொடங்குகிறது. ராணியை எடுத்துக்கொள். இடது பக்கமாக வந்து எடு. இல்லையென்றால் ஆட்டமும் வேண்டாம், உன் வீடும் வேண்டாம், உன் கடிதமும் வேண்டாம்.

பலகையின் இடது ஓரம் முழுக்க ஒரு சிவப்புத் துணிக்கரையை ஒட்டியிருக்கிறேன். பயிற்சிக்காரப் பெண் சொன்ன உபாயம். சிவப்பு கண்ணில் படும்வரை காயைத் தொடக் கூடாது.

அம்மா


மார்ச் 19

அம்மா,

ஆமாம். விட்டுக்கொடுத்தேன். இப்போது என்ன செய்யச் சொல்கிறாய்?

நீ விழுந்த அன்று நான் வேறொருத்தியின் புகாரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய துவைக்கும் இயந்திரம் சத்தம் போடுகிறதாம். அவள் பேசி முடிக்கும்வரை சிரித்த குரலில் 'புரிகிறது மேடம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் சொந்தப் போன் பைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. மாடிவீட்டு அக்காதான். ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது உன் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. நான் உன் இடது பக்கம் நின்று 'அம்மா, அம்மா' என்று கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. சுவரைப் பார்த்து, "என் பொண்ணு வரலையா?" என்று கேட்டாய். கட்டிலைச் சுற்றி ஓடி வலது பக்கம் வந்த பிறகுதான் நான் உனக்கு மகளானேன்.

உனக்கு இது ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. உன் இடது பக்கத்தில் நின்றால் நான் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து உன்னை அடிக்கச் சொல்கிறாய்!

நீ மானம் ரோஷம் என்று எழுதுகிறாய். நான் ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் செத்துப் பிழைக்கிறேன். தெருவைக் கடக்கும்போது இடது பக்கம் வரும் வண்டி உனக்குச் செய்தித்தாளா விரித்து மூடிக் காட்டும்? இந்த ஆட்டத்தை நீ கேட்டதே நாள் கடத்தத்தான் என்றும் எனக்குத் தெரியும். நான் ஒன்றும் முட்டாள் இல்லை.

ஆனால் கேட்டுவிட்டாய். அட்டையைப் பார். இடது பக்கத்து யானை உன் ராணியை எடுத்துவிட்டது. இனி தாட்சண்யம் கிடையாது. உன்னைத் தோற்கடித்து, கையைப் பிடித்து, இங்கே கூட்டி வந்தே தீருவேன். அதற்குப் பெயர் பிச்சை இல்லை.

மகள்


ஜூன் 14

மகளுக்கு,

இதுதான் என் மகள்! உன் மார்ச் மாதக் கடிதத்தை லாரிக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "போ" என்றார், நீளமாக. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள் போலிருக்கிறது.

நீ என் தலைமாட்டில் அப்படி ஓடியது எனக்குத் தெரியாது. தெரியாதது நல்லதுதான், தெரிந்திருந்தால் அந்த யோசனையிலேயே உன்னோடு கிளம்பி வந்திருப்பேன். இப்போது வர மாட்டேன்.

ஆட்டத்தில் நீ என்னைத் துவைத்துக் காயப்போடுகிறாய். ராணி போனாள், ஒரு யானை போனது, நேற்று வந்த அட்டையில் குதிரையும் போய்விட்டது. ஆனால் ஒன்று கவனித்தாயா? ராணிக்குப் பிறகு எதையும் நீ எனக்குத் தெரியாமல் எடுக்கவில்லை. இடது பக்கத்திலிருந்து நீ வருவதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். தடுக்க வழி தெரியவில்லை, அவ்வளவுதான். அது கத்துக்குட்டித்தனம். ஸ்ட்ரோக் இல்லை. நான் கத்துக்குட்டியாகத் தோற்பதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

நீ கேட்காமலே வீட்டு நிலவரம் சொல்கிறேன். இடது அடுப்பின் திருகைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன். வலது அடுப்பில்தான் சமையல். தட்டை நானே திருப்பி வைத்துக்கொள்கிறேன். கதவு நிலைகளின் இடது ஓரங்களில் சிவப்புத் துணி தைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன், வீடே கட்சி ஆபீஸ் மாதிரி இருக்கிறது. தெருவைக் கடக்கும்போது, என் இடது தோள் மேல் ஒரு யானை நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு முழுசாகத் திரும்பிப் பார்க்கிறேன். ஒரு தடவை குளியலறை நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். நீலம் பூத்தது, ஆறிவிட்டது. உளவுத்துறை மூலமாகத் தெரிய வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். மாடிவீட்டுக்காரி இப்போது என்னோடு செஸ் ஆட உட்காருகிறாள். சுத்த மக்கு. நான் அவளுக்கு ஓதுகிறேன், "ம்ஹூம்", "போ" என்று.

போன வாரம் லாரிக்காரரை ஜெயிக்கப் பார்த்தேன். அவரிடம் ராஜா மட்டும்தான் மிச்சம். என்னிடம் ராணி இருந்தாள். ஜெயித்துவிட்டேன் என்ற மிதப்பில் ராணியை அவருடைய ராஜாவுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய் வைத்தேன். அவர் கையை விரித்துக் காட்டி, சிரித்தார் பார், பயிற்சிக்காரப் பெண் ஓடி வந்துவிட்டாள். அவர் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லையாம். ஏன் சிரித்தார் என்று இப்போது உனக்குச் சொல்ல மாட்டேன்.

அம்மா


செப்டம்பர் 6

அம்மா,

முடிந்துவிட்டது. உனக்கே தெரியும்.

உன் பக்கம் ராஜா மட்டும்தான். என் பக்கம் ராணி, யானை, ராஜா. நீ ஓடி ஓடி இடது மூலைக்குப் போய் ஒடுங்கிவிட்டாய். இதோ கடைசி அட்டை. இரண்டாம் வரிசையில், இடதிலிருந்து மூன்றாம் கட்டத்துக்கு என் ராணி வருகிறாள். நீ எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அடுத்த அடியில் ஆட்டம் முடியும்.

நீ நன்றாகத் தாக்குப்பிடித்தாய். தடவிக் கொடுக்கவில்லை, நிஜமாகச் சொல்கிறேன். சில அட்டைகளுக்குப் பதில் யோசிக்க எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தேவைப்பட்டது. ஆனால் பந்தயம் பந்தயம்தான்.

உனக்கான அறை தயார். ஜன்னல் வெளிச்சம் உன் வலது பக்கம் விழுகிற மாதிரிக் கட்டிலைப் போட்டிருக்கிறேன். புதுக் கட்டில், நல்ல மரம். சுவரில் முட்டிக்கொள்ளாமல் இருக்க இடது பக்கம் முழுக்கப் பஞ்சு மெத்தை வைத்துத் தைத்திருக்கிறேன். தையல் கோணலாக இருக்கிறது, வந்து திட்டு. நீ சமைக்க வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம், ஒன்றுமே செய்ய வேண்டாம். நானும் மாப்பிள்ளையும் மாறி மாறி இருப்போம்.

மாசக் கடைசியில் காரோடு வருகிறேன். பெட்டியை எடுத்து வை.

ஜெயித்த மகள்


செப்டம்பர் 12

மகளுக்கு,

பெட்டியை எடுத்து வைக்கவில்லை. முதலில் பலகையை எடுத்து உன் முன்னால் வை. என் ராஜாவைப் பார்.

இடது மூலையில் நிற்கிறார். நீ ஒடுங்கிவிட்டாய் என்று எழுதினாயே, இல்லை. நானாகத்தான் அவரை அங்கே நடத்திக் கூட்டிப் போனேன். சிவப்புக் கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார். அவருக்கு மேல் கட்டத்தை உன் ராணி பிடித்திருக்கிறாள். பக்கத்துக் கட்டத்தையும் பிடித்திருக்கிறாள். குறுக்குக் கட்டத்தையும் பிடித்திருக்கிறாள். நகர எனக்கு இடமே இல்லை. சரி, செக் இருக்கிறதா? நன்றாகப் பார். இல்லை. அவர் நிற்கும் கட்டத்தின் மேல் உன் காய் எதுவும் கை வைக்கவில்லை.

செக்கும் இல்லை, போக இடமும் இல்லை என்றால் ஆட்டம் டிரா. யாருக்கும் ஜெயம் கிடையாது. கோப்பை வாங்கிய உனக்கு இந்தச் சட்டம் தெரியாமலா இருக்கும்? லாரிக்காரர் அன்றைக்குச் சிரித்தது இதற்குத்தான். என் ராணியும் அவருடைய ராஜாவுக்கு இதே மாதிரி மூச்சுவிட இடமில்லாமல் செய்துவிட்டாள். அன்றிலிருந்து, எல்லாம் போனால் இந்த மூலைக்குப் போவது என்று நினைத்து வைத்திருந்தேன். நீ நெருங்கி வருவாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு நெருங்கித்தான் பழக்கம்.

நான் கோபமாக எழுதவில்லை. அந்தக் கட்டிலைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொத்தான் தைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நீ என் மேல் உயிரை வைத்திருக்கிறாய். ஆனால் சமைக்க வேண்டாம், நடக்க வேண்டாம், ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று சுற்றிலும் ஒவ்வொரு கட்டமாக நீ பிடித்து வைத்தால், நான் எங்கே போவேன்? அடிக்கவும் இல்லை, நகரவும் விடவில்லை. அப்படிச் செய்தால் ஜெயித்ததாகக் கணக்கில்லை என்று ஆட்டத்திலேயே சட்டம் வைத்திருக்கிறார்கள், தாயே.

வர மாட்டேன். இதைச் சொல்ல ஜனவரியிலிருந்து முயற்சி பண்ணுகிறேன். இப்போதுதான் முழுசாகச் சொல்லி முடித்தேன்.

ஒன்றை மட்டும் நிஜமாகச் சொல். இதையும் நீ தெரிந்தேதான் செய்தாயா? அம்மா பாவம், ஒரு டிராவாவது இருக்கட்டும் என்று? அப்படியானால் இப்போதே சொல்லிவிடு. பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கலாம். தோற்றுப்போய் உன் வீட்டுக்கு வருவேனே தவிர, பிச்சையாகக் கிடைத்த டிராவில் என் வீட்டில் இருக்க மாட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து வெட்டு மேசைக்குப் போகிறேன். முதலாளியம்மாவிடம் பழைய துணியில் ஒரு கோட்டு வெட்டிக் காட்டினேன், இரண்டு கையும் ஒரே நீளம். மேசையின் இடது ஓரத்தில் சிவப்புக் கரை தைத்தாயிற்று.

அம்மா


செப்டம்பர் 18

அம்மா,

நீ சொன்னபடி பலகையை வைத்துப் பார்த்தேன். அலுவலகத்தில், வேலை நேரத்தில். பார்த்துவிட்டு வாய்விட்டே ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டேன். போனில் ஒருவர் இருந்தார். அவருடைய புகார் இப்போது இரண்டாகிவிட்டது.

தெரிந்து செய்யவில்லை. சத்தியமாக. சட்டம் தெரியும், ஆனால் அன்றைக்கு என் மனசு பலகையில் இல்லை, உன் அறைக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்று யோசித்துக்கொண்டே ராணியை நகர்த்தினேன். நான் ஜெயிக்கத்தான் ஆடினேன் அம்மா, வெறி பிடித்து ஆடினேன். விட்டுக்கொடுக்கிறவள் கட்டில் வாங்குவாளா? பாதி மாசச் சம்பளம் அது!

இரண்டு நாள் உன்மேல் பயங்கரக் கோபம். மாப்பிள்ளை என்னிடம் பேசவே பயந்தார். மூன்றாம் நாள் உன் கடிதத்தைத் திரும்ப எடுத்தேன், எங்காவது ஓட்டை கிடைக்குமா, சண்டை போடலாமா என்று. அப்போதுதான் பார்த்தேன். நீ தாளின் இடது ஓரத்திலேயே தொடங்கியிருக்கிறாய். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. ஓரம்கூட விடவில்லை, 'மகளுக்கு' என்ற சொல்லின் முதல் எழுத்து தாளைவிட்டு வெளியே விழப் பார்க்கிறது. அதற்குப் பிறகு என்னால் சண்டை போட முடியவில்லை. அலுவலகக் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

சரி. நீ அங்கேயே இரு. அந்தப் பேச்சை இதோடு விட்டேன். மாடிவீட்டு அக்காவையும் உளவுத்துறையிலிருந்து விடுவித்துவிட்டேன், அவருக்கு இனிமேல் செஸ் மட்டும்தான் வேலை.

கட்டிலைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டாராம். விருந்தாளியாக வந்து படுத்துவிட்டுப் போ, திரும்பும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே வா. இடது பக்கம் நான் தைத்த பஞ்சைப் பிரித்தாயிற்று. ஒரு சிவப்புக் கரை மட்டும் போதும் என்று நினைக்கிறேன், நீயே கொண்டு வந்து தைத்துக்கொள்.

இந்த முறை வெள்ளை எனக்கு. அட்டை தனியாக வருகிறது. உன் இடது பக்கத்தில்தான் அடிப்பேன். பார்த்துக்கொள்.

மகள்